பண்ணையிலிருந்து நேரடியாக மாட்டுக்கறி: கொங்கு நாட்டில் ஏன் நடப்பதில்லை?

அமெரிக்காவில் 'கால் மாடு', 'அரை மாடு' வாங்கும் வழக்கம் உண்டு. பண்ணைக்காரரிடம் நேரடியாகப் பேசி, மாட்டில் ஒரு பங்குக்குப் பணம் கட்டிவிடுவார்கள். அறுத்து, பொட்டலம் போட்டு வரும் கறியை ஃப்ரீசரில் அடுக்கி மாதக்கணக்கில் சமைப்பார்கள். ரீல்ஸில் இதைப் பார்த்துவிட்டு, "நம்மூர்ல சுத்தி எங்க பார்த்தாலும் மாடுதான், இங்க ஏன் இப்படி வாங்க முடியலை?" என்று கோவையில் சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

நம் பக்கம் கறிக்கென்று மாடு வளர்ப்பவர்கள் கிட்டத்தட்ட இல்லை. பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் பக்கம் கட்டுத்தரையில் நிற்பது பெரும்பாலும் பால் மாடு. அதில் ஜெர்சி கலப்பும் எச்.எஃப். கலப்பும்தான் அதிகம். ஐந்தாறு ஈத்துக்குப் பிறகு பால் குறையும், சினை பிடிக்காது. ஆனால் தவிடு, புண்ணாக்கு, சோளத்தட்டு செலவு மட்டும் குறையாது. காளைக்கன்று பிறந்தால் கதை இன்னும் சுருக்கம். உழவை டிராக்டர் எடுத்துக்கொண்டது. கலப்பினக் காளைக்குத் திமிலும் சரியாக இருக்காது, நுகத்தடிக்குத் தோதுப்படாது. வைத்துச் சோறு போட முடியாத விவசாயி சந்தைக்குத்தான் ஓட்டிப்போகிறார். வயசான மாட்டை விற்ற காசு அடுத்த மாடு வாங்கும் காசில் ஒரு பங்கு. மாட்டுக்கறியே தொடாதவர் குடிக்கும் காலைக் காபியிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை. ஆனால் பால் பண்ணையின் வரவுசெலவு அப்படித்தான் ஓடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் மாட்டுக்கறி விற்பதற்கோ சாப்பிடுவதற்கோ தடை இல்லை. ஆனால் 1958-ம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைத் தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்றோ, தீராத நோய், காயம், ஊனம் உள்ளது என்றோ சான்றிதழ் பெற்ற மாட்டைத்தான் அறுக்கலாம். பசு, கிடேரியை அறுக்க 1976-ல் வந்த அரசாணை தடை போட்டது. 2001-ம் ஆண்டு மத்திய விதிகளின்படி, நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற இறைச்சிக்கூடத்தில் மட்டுமே அறுக்க வேண்டும். ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 விலங்குகளுக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்பது வரை அதில் எழுதியிருக்கிறது.

ஆக, தோட்டத்துக்குப் போய் மாட்டைக் கைகாட்டி, அங்கேயே அறுத்துப் பங்கு போடுவதற்கு வழியில்லை. அமெரிக்காவிலும் இது கட்டுப்பாடே இல்லாத ஏற்பாடு அல்ல. அரசுப் பரிசோதகர் இல்லாமல் உரிமையாளருக்காக அறுத்துக் கொடுக்கும் கறியில் 'விற்பனைக்கு அல்ல' என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

2017 மே மாதம், சந்தையில் அறுப்புக்கு மாடு விற்பதற்கே மத்திய அரசு தடை கொண்டுவந்தது நினைவிருக்கும். சில நாளிலேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை கொடுத்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் நீட்டித்தது.

துண்டுக்குள் போகும் விலை

விவசாயிக்கு அடி விழுவது சந்தையில்தான். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் கேரள வியாபாரிகள் நிறையப் பேர் வாங்குகிறார்கள், எல்லையும் பக்கம். அங்கே விலை வாயால் பேசப்படுவதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேரம். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட என்ன விலை என்று தெரியாது. எடையும் கண் மதிப்புதான். வாரம் முழுக்க மாடு பார்க்கும் வியாபாரியின் கண்ணும், சில வருஷத்துக்கு ஒருமுறை விற்கும் விவசாயியின் கண்ணும் ஒன்றா? 'அடிமாட்டு விலை' என்று நாம் பழைய பைக்குக்கும் பழைய சோபாவுக்கும் சொல்கிறோமே, அந்த வார்த்தை வந்த இடம் இதுதான்.

இது இப்படியே தொடர ஒரு காரணம் கூச்சம். லட்சுமி என்று பேர் வைத்து வளர்த்தவர், கயிறு கைமாறிய பிறகு மாடு எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புவதில்லை. சாப்பிடுபவரும், ஜாதி பார்க்கும் ஊரில், எங்கே வாங்கினேன் என்று சத்தமாகச் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டால் நடுவில் இருப்பவர் சொல்வதுதான் விலை, அவர் கொடுப்பதுதான் தரம்.

ஆட்டுக்கு இந்தக் கூச்சம் இல்லை, அதனால் அங்கே நிலைமையே வேறு. நாலு வீடு சேர்ந்து ஓர் ஆடு பிடித்துக் கூறு போட்டுக்கொள்வது நமக்குப் பழக்கமானது. அதுவும் ஒருவகையில் 'கால் மாடு' மாதிரிதான். இப்போது பல ஆட்டுப் பண்ணைகளில் உயிர் எடை போட்டு, கிலோ இவ்வளவு என்று வெளிப்படையாக விற்கிறார்கள்.

மாட்டுக்கும் அதையே கேட்கலாம் என்பது என் கருத்து. பால் மாட்டுக்கு எடை சரிவராது. அது மடியையும் ஈத்தையும் பார்த்து வாங்குவது. ஆனால் அறுப்புக்குப் போகும் மாட்டுக்குக் கறிதான் விலை. உயிர் எடையில் ஏறக்குறைய பாதி தேறும் என்பது வியாபாரிக்கு நன்றாகவே தெரியும். சந்தையில் ஓர் எடைமேடையும், அன்றைய கிலோ விலையை எழுதிய ஒரு பலகையும் வைத்தால் விவசாயிக்கும் அது தெரியவரும். தரகர்களுக்குப் பிடிக்காது, தெரிந்ததுதான்.

வாங்குகிற பக்கம், ஊருக்கு அருகே சின்ன இறைச்சிக்கூடங்கள் வேண்டும். நாளுக்கு 2 பெரிய விலங்கு வரை அறுக்கும் இடத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எளிய பதிவே போதும் என்று விதி இருக்கிறது. ஆனால் உள்ளாட்சியின் அனுமதியும் மருத்துவரும் இல்லாமல் அந்தப் பதிவு வெறும் காகிதம். அதுவரை கடையில் வாங்குபவர் ஒன்று செய்யலாம்: "இது எந்தக் கூடத்துல அறுத்தது, டாக்டர் முத்திரை எங்கங்க?" என்று கூச்சப்படாமல் கேட்கலாம்.