மானத்தைக் காக்கும் சட்டம் உயிரைக் காக்காதா?

2000ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க ஜனாதிபதியை அவதூறு செய்தாரென மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. அடுத்த மாதம் நடந்த பொதுத் தேர்தலில், ஊர்காவற்றுறைத் தீவிலும் அயலிலும் நிகழ்ந்த கள்ளவாக்கையும் மிரட்டலையும் உலகறியச் செய்தார் யாழ்ப்பாணத்து நிருபர் மயில்வாகனம் நிமலராஜன். ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு வேளையில், சொந்த வீட்டிலேயே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆட்சித் தலைவரின் மானத்திற்காக ஓடிவந்த சட்டம், நிருபரின் உயிர் போனபோது எங்கே போயிற்று? வழக்கு இருபது ஆண்டுகள் இழுபட்டது. 2021இல் சட்டமா அதிபர் திணைக்களம் அதைக் கைவிட்டது. இதுவா நீதி?

அவதூறைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவுகள் 2002இல் நீக்கப்பட்டன. அதனை வரவேற்றோம். ஆனால் வாசலால் வெளியேறிய பூதம் சாளரத்தால் நுழைகிறது. எது பொய், எது மெய் என்பதை ஆணைக்குழு ஒன்றின் கையில் ஒப்படைக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை 2024இல் பாராளுமன்றம் நிறைவேற்றிற்று. அன்று கள்ளவாக்கை மறைத்தவர்கள் கையில் அத்தகைய அதிகாரம் இருந்திருப்பின், நிமலராஜனின் செய்தியே 'பொய்' ஆகியிருக்கும்.

பொய் எழுதுவோருக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. மந்திரிக்கு மட்டுமா மானம்? உழவனுக்கும் உண்டு. அதற்கு நட்டஈடு கேட்க உரோம டச்சுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. எழுதியவர் உண்மையையும் பொதுநன்மையையும் நிறுவினால் தப்பலாம். ஆனால் கோடிக்கணக்கில் நட்டஈடு கேட்டு வரும் ஒரு கடிதமே சிறு பத்திரிகையின் வாயை அடைத்துவிடும். வழக்கில் வெல்ல வேண்டியதில்லை, அச்சுறுத்தினாலே போதும்.

தீவக மக்களுக்கு இதனால் என்ன என்று கேட்பீர்கள். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் நடப்பது கடல் கடந்தே வெளியுலகை அடைய வேண்டும். குறிகட்டுவான் துறையை எட்டாத செய்தி, கொழும்புக்கு நடவாத செய்தியே. படகில்லை, குடிநீரில்லை, வாக்குச்சீட்டைக் களவெடுத்துவிட்டார்கள் என்று எழுதுபவன் அஞ்சினால், இழப்பு அவனுக்கன்று, உமக்கே.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. பதவியிலிருப்போர் தம் பொதுக்கடமை பற்றிய விமர்சனத்தைப் பொறுக்கப் பழகட்டும். சிறையும் ஆணைக்குழுவும் எழுத்தின்மீது கைவைக்காதிருக்கட்டும். நிமலராஜனின் வழக்கு மீண்டும் திறக்கப்படட்டும். அதுவரை, மானத்தைப் பற்றி எமக்குப் பாடம் சொல்ல இவ்வரசுகளுக்கு என்ன அருகதை உண்டு?