மதகு யார் கையில்?

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. ஒரு வருட நீட்டிப்பு கொடுத்திருக்கிறார்கள். அதுவும் 2026 அக்டோபரோடு சரி. நம் வயதுக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் இப்போது ஒரே பேச்சு: "கடைக்காரத் தம்பி புதுசா வாங்கச் சொல்லிட்டாருங்க." கணினியில் என்ன பழுது என்று கேட்டால் பழுது ஒன்றும் இல்லை. டைப் அடிக்கிறது, படம் காட்டுகிறது, பேரப்பிள்ளையோடு வீடியோவில் பேச முடிகிறது. பிறகு எதற்கு நாற்பதாயிரம் ரூபாய்?

காரணம் இதுதான். விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். 2017க்கு முன்னால் வாங்கியவை பெரும்பாலும் இதில் தேறாது. நல்ல உடம்போடு இருப்பவனை வயதைச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவது அரசு அலுவலகத்தில் நியாயம். 58 முடிந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்துதான் வேலையில் சேர்ந்தோம். கணினியை வாங்கும்போது அப்படி ஒரு ஓய்வு தேதி யாரும் நமக்குச் சொல்லவில்லை.

நான் சொல்வது: புதியது வாங்காதீர்கள். இருக்கிற கணினியில் லினக்ஸ் போடுங்கள். லினக்ஸிலும் எதையாவது போடாதீர்கள், டெபியன் போடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஊத்துக்கோட்டையில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நமக்குப் பக்கத்தில்தான் ஜீரோ பாயிண்ட். 1983 ஒப்பந்தப்படி ஆந்திரா வருடத்துக்கு 12 டி.எம்.சி. தண்ணீரை எல்லையில் கொண்டுவந்து விட வேண்டும். 1996இல் முதல் தண்ணீர் வந்தது. ஆனால் பல வருடங்களில் பேசிய அளவு வரவில்லை என்பது வாய்க்கால் ஓரம் நடப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். பூண்டி ஏரி நம்முடையது, கால்வாயும் இந்தப் பக்கம் நம்முடையது. மதகு மட்டும் 150 கிலோமீட்டருக்கு அப்பால் கண்டலேறுவில் இருக்கிறது. அங்கே திறந்தால்தான் இங்கே தண்ணீர்.

கணினியிலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: மதகு யார் கையில்? அழகாக இருக்கிறதா, வேகமாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

லினக்ஸ் என்றாலே மதகு நம் கையில் வந்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் உள்ளே இருக்கும் கரு மட்டுமே. அதோடு மற்ற மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டித் தருவதற்குத்தான் வழங்கல் என்று பெயர். அரிசி ஒன்றுதான், சமைக்கிற கை வேறு வேறு. சமையல்காரர் கடையை மூடினால் அரிசி இருந்தும் பட்டினிதான்.

இதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அதனால் பிரான்ஸில் 1998இல் தொடங்கிய மாண்ட்ரேக் லினக்ஸ் மேல் எனக்குத் தனிப் பாசம் இருந்தது. ஆமாம், நாம் சின்ன வயதில் காமிக்ஸில் படித்த அதே மந்திரவாதி மாண்ட்ரேக்கின் பெயர்தான். அந்தப் படக்கதையின் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2005இல் கொனெக்டிவா என்ற பிரேசில் நிறுவனத்தோடு சேர்ந்து மாண்ட்ரிவா என்று பெயர் மாறியது. புதியவர்களுக்கு அவ்வளவு எளிதான லினக்ஸ் அந்தக் காலத்தில் அபூர்வம். ஆனால் நிறுவனம் பணத்துக்குத் தடுமாறிக்கொண்டே இருந்து 2015இல் கலைக்கப்பட்டது. நல்ல மென்பொருள்தான், உரிமையாளர் ஒருவராக இருந்ததுதான் சிக்கல். அதை நேசித்தவர்கள் 2010லேயே தனியே பிரிந்து மாஜியா என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அது இன்றும் இருக்கிறது, ஏனென்றால் அதற்கு முதலாளி இல்லை.

இரண்டாவது சென்ட்ஓஎஸ். ரெட்ஹாட் நிறுவனத்தின் ஆதரவில் வந்த இலவச வழங்கல். அதன் 8ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு என்று நம்பித்தான் உலகம் முழுவதும் போட்டார்கள். 2019இல் ரெட்ஹாட்டை ஐபிஎம் வாங்கியது. 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது: 2021 டிசம்பர் 31ஓடு முடிந்தது. ஏழு வருடத்துக்கும் மேல் ஒரே அறிவிப்பில் போயிற்று. லினக்ஸ்தான், ஆனால் மதகு ஒரு கம்பெனியின் கையில்.

டெபியன் அப்படி இல்லை. 1993இல் இயன் மர்டாக் தொடங்கியது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். ஒவ்வொரு வருடமும் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பயனாளர்களுக்கு நாங்கள் இன்னின்னது செய்வோம் என்று 1997இல் ஒரு சமூக ஒப்பந்தம் எழுதி, அதன்படி நடக்கிறார்கள். இதை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. இதைத் தொடங்கிய இயன் மர்டாக் 2015இல் இறந்துபோனார். டெபியன் தன் பாட்டுக்கு நடக்கிறது. அதிகாரி மாறினாலும் கோப்பு நகர வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்களே, அதுபோல.

இனி ஆட்சேபணைகள்.

"மிண்ட் இன்னும் எளிது" என்பார்கள். உண்மை, மிண்ட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மிண்ட் நிற்பது உபுண்டு மேல், உபுண்டு நிற்பது டெபியன் மேல். உபுண்டு ஒருநாள் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று யோசித்து, மிண்ட்காரர்களே நேரடியாக டெபியன் மேல் ஒரு பதிப்பைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கே அந்தக் கவலை இருக்கும்போது நாம் ஏன் இரண்டு மாடி ஏறி உட்கார வேண்டும்?

"டெபியன் பழசு" என்பது பேரன் வயதுப் பையன்களின் ஆட்சேபணை. ஃபெடோரா போடுங்கள், ஆர்ச் போடுங்கள் என்பார்கள். ஃபெடோராவில் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு. ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ பதின்மூன்று மாதம்தான் ஆயுள். ஆர்ச்சில் மாற்றம் நிற்பதே இல்லை. இருபது வயதில் அது விளையாட்டு. எழுபத்தைந்து வயதில் காலையில் எழுந்து பார்க்கும்போது பொத்தான் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். டெபியனில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் மூன்று வருட முழு ஆதரவு, நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் ஐந்து வருடம். இப்போதைய 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. பழசு என்று அவர்கள் திட்டுவதைத்தான் நான் நிதானம் என்கிறேன்.

"பாஸ் போட்டுப் பார்த்தோமே, உருப்படவில்லையே" என்பது மூன்றாவது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். சென்னை சி-டாக் செய்த பாஸ் டெபியன் மேல் கட்டியதுதான். பல வீடுகளில் முதல் வாரமே அதை அழித்தார்கள். அது கெட்டது என்பதாலா? யாரும் அதைக் கற்றுத்தரவில்லை என்பதால். பக்கத்துக் கேரளாவில் பள்ளிப் பாடமும் செய்முறைத் தேர்வும் லினக்ஸிலேயே நடக்கின்றன. அங்கே பிள்ளைகள் அதை அழிப்பதில்லை. கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்த நம் வழக்கத்துக்கு மென்பொருளைக் குற்றம் சொல்லாதீர்கள். ஊற்றின் பெயரையே ஊருக்கு வைத்திருக்கிறோம், ஓடையை விட்டு ஊற்றுக்கே போவோமே.

"தமிழ் வருமா?" என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. வரும். டெபியனை நிறுவும்போதே மொழிப் பட்டியலில் தமிழ் உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. நம்மைப் போல லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்குப் பழைய தட்டச்சு முறையும் இருக்கிறது. விரலுக்கு எழுபது வயதில் புதுப் பாடம் வேண்டாம்.

தமிழில் இன்னொரு விஷயம். யூனிகோடு பரவும் முன் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனித்தனிக் குறியீடு வைத்திருந்தது. அரசு 1999இல் டாம், டாப் என்று இரண்டைத் தரப்படுத்தி, 2010இல்தான் யூனிகோடுக்கு ஆணை போட்டது. இடையில் அடித்த எத்தனையோ கடிதங்களும் குடும்ப வரலாறுகளும் இன்று திறந்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு காட்டுகின்றன. பத்தாண்டு வைக்க வேண்டியது, நிரந்தரமாக வைக்க வேண்டியது என்று கோப்புகளைப் பிரித்துக் கட்டி வைத்தவர்கள் நாம். 1950இல் மையில் எழுதிய பத்திரத்தைப் படிக்க முடிகிறது, 2000இல் அடித்த கடிதத்தைப் படிக்க முடியவில்லை என்றால் அது முன்னேற்றமா? உங்கள் நினைவுக் குறிப்புகளை யூனிகோடில் அடியுங்கள், லிப்ரே ஆஃபிஸில் திறந்த வடிவத்தில் சேமியுங்கள். நாம் போன பிறகும் பிள்ளைகள் திறந்து படிக்க வேண்டும்.

அந்த லிப்ரே என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ஃப்ரீ என்றால் இலவசம், சுதந்திரம் இரண்டும் ஒன்றாகக் குழம்பும். பிரெஞ்சில் காசில்லாதது க்ராத்துயி, கட்டில்லாதது லிப்ர். தமிழில் இன்னும் தெளிவு: கட்டற்ற மென்பொருள். காசு மிச்சம் என்பதற்காக இதைப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இலவசத்துக்கு நம் ஊரில் குறைச்சல் இல்லை.

குறைகளும் உண்டு. 32 பிட் மட்டும் உள்ள மிகப் பழைய கணினியில் டெபியன் 13ஐ நிறுவ முடியாது. சில கைரேகைக் கருவிகளுக்கும் சில பிரிண்டர்களுக்கும் விண்டோஸ் மென்பொருள் மட்டுமே தருகிறார்கள். ஆனால் ஓய்வூதிய நேர்காணலுக்கு இப்போது கைபேசியில் முகம் காட்டினாலே உயிர்வாழ் சான்று கிடைக்கிறது. அதற்காக ஒரு கணினியை மாற்ற வேண்டியதில்லை.

ஒரே நாளில் மாற வேண்டாம். பிரெஞ்சு ழாந்தார்மெரி, புதுச்சேரிப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும் அதே ழாந்தார்ம்கள், எப்படிச் செய்தார்கள் தெரியுமா? 2005இல் முதலில் ஓப்பன் ஆஃபிஸ். அது பழகிய பிறகு ஃபயர்ஃபாக்ஸ். 2008இல்தான் அடியில் இருந்த விண்டோஸை எடுத்து உபுண்டு போடத் தொடங்கினார்கள். தாங்கள் புழங்கும் மென்பொருள் அப்படியே இருந்ததால் அடித்தளம் மாறியது பெரிய அதிர்ச்சியாக இல்லை. நீங்களும் இன்றைக்கே விண்டோஸிலேயே லிப்ரே ஆஃபிஸும் ஃபயர்ஃபாக்ஸும் போட்டுப் பழகுங்கள். கோப்புகளை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். பிறகு டெபியனை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். நான்கு ஜி.பி. நினைவகம் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரையைத் தேர்ந்தெடுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் புதியதுதான் வேண்டும் என்றால் வாங்குங்கள், அது உங்கள் காசு. அதற்கு முன்னால் கடைக்காரத் தம்பியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "இதற்கு எந்த வருடம் ஆதரவை நிறுத்துவார்கள், அதை முடிவு செய்பவர் யார்?" அதற்கு அவர் பதில் சொல்லும் வரை பணப்பையைத் திறக்காதீர்கள்.