ஆபரேஷனுக்கு முன்னாடி இத்தனை டெஸ்ட் தேவையா? கார்டைத் தேய்க்கும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்



அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சுன்னா, அடுத்து கைக்கு வர்றது ஒரு டெஸ்ட் லிஸ்ட். ரத்தம், சிறுநீர், ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, சில இடங்களில் எக்கோ வரைக்கும். "உடம்பு விஷயத்துல கணக்கு பார்க்கக் கூடாது"ன்னு நாமும் கட்டிடுறோம். என்னைக் கேட்டால், கணக்கு பார்க்க வேண்டிய இடமே இதுதான்.

அமெரிக்கா, கனடாவில் 18,000-க்கும் மேற்பட்ட கண்புரை நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2000-இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க. மறுபாதிக்கு, புதுசா ஏதாவது உடல் பிரச்சினை தெரிந்தால் மட்டும். முடிவு? இரண்டு பக்கமும் சிக்கல் ஒரே அளவுதான்: 1,000 ஆபரேஷனுக்குச் சுமார் 31.

"கூடுதலா எடுத்தா என்ன நஷ்டம்?"னு கேட்பீங்க. லேப் ரிப்போர்ட்டில் 'நார்மல்' எல்லையைப் பெரும்பாலும் ஆரோக்கியமானவங்கள்ல 95% பேர் அடங்குற மாதிரி வைக்கிறாங்க. ஒவ்வொரு டெஸ்டும் தனித்தனின்னு வச்சுக்கிட்டா, 20 டெஸ்ட் எடுத்த ஆரோக்கியமான ஆளுக்கும் ஒன்றாவது எல்லை தாண்ட 64% வாய்ப்பு. அப்புறம் அதுக்கு ஒரு ஸ்கேன், இன்னொரு ஸ்பெஷலிஸ்ட், ஆபரேஷன் தள்ளிப்போகும், நீங்க போட்ட லீவும் வீண்.

"இன்சூரன்ஸ் கொடுத்துடுமே?" சும்மா கொடுக்காது. அட்மிஷனுக்கு முந்தைய செலவும் உங்க காப்பீட்டுத் தொகையிலிருந்துதான் கழியும். ஆரோக்ய சஞ்சீவனி மாதிரி பாலிசியில் அட்மிஷனுக்கு முந்தைய 30 நாள் செலவுதான் கணக்கு. அட்மிஷனே நடக்கலைன்னா அந்த டெஸ்ட் பில் உங்க பாக்கெட்டில்தான்.

அதனால் பில் கட்டும் முன் டாக்டர்கிட்ட இந்த மூணையும் கேளுங்க:

1. இந்த ரிசல்ட் மாறி வந்தா, ஆபரேஷன்ல என்ன மாத்துவீங்க?
2. சமீபத்தில் எடுத்த ரிப்போர்ட் இருக்கு, அது போதுமா?
3. பேக்கேஜா இல்லாம, இவங்களுக்குத் தேவையானதை மட்டும் எழுதித் தர முடியுமா?

ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன். இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, பெரிய ஆபரேஷன் என்றால் டெஸ்ட் அவசியம். நீங்களா எதையும் வெட்டாதீங்க. டாக்டர் காரணம் சொன்னா, யோசிக்காம எடுங்க.

ஆடிட்டில் காரணம் எழுதாத வவுச்சரைப் பார்த்தா, "இது எதுக்கு?"ன்னுதான் முதலில் கேட்போம். அது யாரையும் சந்தேகப்படுறது இல்லை. அதே கேள்வியை ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்ட்டருக்குப் போகும் முன் நீங்களும் கேளுங்க. அப்பா அம்மாவோட பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் இன்னைக்கே ஒரே ஃபைலில் போட்டு வையுங்க. பாதி டெஸ்ட் அங்கேயே மிச்சமாகலாம்.