கதவில் எழுதியிருந்த தோல்வி

கேடட்டாக நான் ஏறிய முதல் ஸ்பானியக் கப்பலில், பிரிட்ஜுக்குப் பின்னால் ஓர் அறை. கதவில் பித்தளைத் தகடு: 'குவார்த்தோ தே தெர்ரோத்தா'. பாக்கெட் அகராதியைப் புரட்டினேன். குவார்த்தோ என்றால் அறை. தெர்ரோத்தா என்றால் தோல்வி. அந்த ஒரு பொருள்தான் போட்டிருந்தது. தோல்வி அறை! உள்ளே எட்டிப் பார்த்தால் சார்ட்டுகள், பாரலல் ரூலர், டிவைடர், சீவிய பென்சில்கள். சாதாரண சார்ட் ரூம்.

கலீசியாக்காரரான கேப்டன் சிரித்து ஓய்ந்தபின் ஒரு சார்ட்டை விரித்தார். அல்ஹெசிராசிலிருந்து எதிர்க்கரை செயுத்தாவுக்கு ஒரு பென்சில் கோடு. அட்லாண்டிக்கின் மேல்நீர் ஜிப்ரால்டர் வழியே பெரும்பாலும் கிழக்கு நோக்கி மத்தியதரைக் கடலுக்குள் ஓடும். நம் கரையில் நீவாடு என்போமே, அதுதான். கோட்டை நம்பி அதன் திசையிலேயே மூக்கை வைத்தால் கப்பல் கிழக்கே ஒதுங்கிவிடும். அதனால் மூக்கை மேற்கே சற்றுத் திருப்பிப் பிடிக்க வேண்டும். மூக்கு பார்க்கிற திசை 'ரும்போ'. கப்பல் போகிற தடம் 'தெர்ரோத்தா'. கரை, பாறை, ஆழம் பார்த்து வழிசொல்லும் புத்தகம் 'தெர்ரோத்தெரோ'. காதிஸிலுள்ள கடற்படையின் நீர்வரைவியல் நிலையம் வெளியிடுவது.

வழிக்கும் தோல்விக்கும் மூலம் ஒன்றே: 'உடைந்தது' என்ற லத்தீன் சொல். காட்டை உடைத்துப் போட்டது பாதை. உடைந்து சிதறிய படைக்கு வந்தது தோல்வி. இரண்டாவது பொருள் பிரெஞ்சு வழியாக வந்து ஒட்டிக்கொண்டது. வடக்கே அஸ்தூரியாஸில் அறுவடை முடிந்த வயல்களை ஊர் மாடுகளுக்குத் திறந்துவிடுவதும் தெர்ரோத்தாதான். (மாட்டுக்கு அது வெற்றி.)

இன்றைய கேடட்டுகளிடம் அகராதி இல்லை, செல்போன் இருக்கிறது. தனிச்சொல்லைத் தட்டி, முதலில் வரும் பொருளோடு எழுந்துவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன் என்பதால் திட்ட மனம் வரவில்லை. என் கோபம் அகராதி போடுகிறவர்கள்மேல். பத்தாயிரம் சொற்களைக் குறைத்துக்கொண்டு, மிச்சமுள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் கொடுத்திருக்கலாம். யார், எங்கே நின்று அந்தச் சொல்லைச் சொல்கிறார் என்று தெரியாமல் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நானே அகராதி ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்: 'தெர்ரோத்தா, தடம்.' ஒரு வாரம் கழித்து, இரவு வாட்ச். ரேடியோ பக்கமிருந்து கேப்டன் "தெர்ரோத்தா..." என்று முனகினார். பதறி ஓடிச் சார்ட்டைப் பார்த்தேன். கப்பல் கோட்டின் மேலேயே போய்க்கொண்டிருந்தது. தோற்றது அவருடைய கால்பந்து அணி.