வெட்டி எடுத்த சதை எங்கே?

தங்கை மகளின் ஆஸ்பத்திரிக் கோப்பைப் போன வாரம் மறுபடி புரட்டினேன். ஆயுசு பூராவும் குமாஸ்தா உத்தியோகம். தாள் குறைந்தால் கண் தானாக அங்கே போய் நிற்கும். அவளுக்கு 32 வயதில் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வீங்கியது என்று வெட்டி, செயற்கைக் குழாய் வைத்தார்கள். பஞ்சுக்குக்கூட ரசீது இருக்கிறது. வெட்டிய சதைக்கு ரிப்போர்ட் இல்லை. கேட்டதற்கு, "குழாய் நைந்திருந்தது, மாற்றிவிட்டோம். டெஸ்டுக்கு அனுப்பவில்லை சார்" என்றார்கள்.

ஏன் நைந்தது? இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு இடது கையில் நாடி கிடைக்கவில்லை. வேறொரு டாக்டர் இரண்டு கையிலும் பிரஷர் பார்த்து, ஸ்கேன் எடுத்து, தகாயாசு நோய் என்றார். 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தகாயாசு எழுதிவைத்த ரத்தக்குழாய் அழற்சி. பெரும்பாலும் 40 வயதுக்குள் உள்ள பெண்களைப் பிடிக்கிறது. அதற்கு ஸ்டீராய்டு வேண்டும். இரண்டு வருஷம் அது கொடுக்கப்படவே இல்லை.

இதயத் தசையில் கம்பி விட்டுத் துளி சதை எடுக்கலாம். பெருந்தமனியில் அப்படிக் கிள்ள முடியாது. ஆபரேஷன் நாள்தான் வாய்ப்பு. ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றிப் பார்த்தால் நடுச்சுவரின் மீள்நார் அறுந்திருக்கிறதா, ராட்சத செல்கள் உண்டா, சிபிலிஸா, காசநோயா, வெறும் கொழுப்பா என்று பார்க்கலாம். அழற்சி திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் பல துண்டுகள் வேண்டும். பழைய தழும்பு மட்டும் இருந்தால் எதுவும் சொல்ல முடியாது என்பார்கள். சரி, அதையே எழுதிக் கொடுங்கள். அதுவும் கோப்பில் ஒரு தாள்தானே!

செலவு என்கிறார்கள். லட்சக்கணக்கில் பில் போட்ட இடத்தில் இந்தச் செலவா பெரிசு? எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடி விரிசல் விட்டால் மண்ணின் கோளாறா, சூளைச் சூட்டின் கோளாறா என்று விசாரிப்பார்கள். மனுஷியின் ரத்தக்குழாய்க்கு அந்த விசாரணை கிடையாதாம்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். 'பியோப்ஸி' என்ற சொல்லை 1879-இல் உண்டாக்கியவர் எர்னெஸ்ட் பெனியே என்ற பிரெஞ்சு டாக்டர். உயிரோடு இருப்பவரின் சதையைப் பார்ப்பது என்று பொருள். செத்தபின் பார்ப்பதற்கு வேறு சொல் ஏற்கெனவே இருந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், சம்மதக் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்: சதை பேதாலஜிக்குப் போகுமா? டிஸ்சார்ஜ் அன்று அந்த ரிப்போர்ட் எண்ணை வாங்காமல் ஆட்டோவில் ஏறாதீர்கள்.