புதிய வீடு என்றாலும் ரேடான் பரிசோதனை ஏன் அவசியம்?

ரேடான் என்பது மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைவதால் உருவாகும் கதிரியக்க வாயு ஆகும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. அத்திவார வெடிப்புகள், குழாய்களைச் சூழ்ந்த இடைவெளிகள் ஆகியவற்றின் வழியாக வீட்டினுள் புகுந்து தேங்குகிறது. கனடாவில் நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைபிடித்தலுக்கு அடுத்த காரணம் இதுவே. ஆண்டுதோறும் 3,000க்கும் மேற்பட்டோர் இதனால் உயிரிழப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது.

எண்கள் உணர்த்துவது என்ன?

கனடாவின் வழிகாட்டு அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 200 பெக்கெரல். 2012 தேசிய ஆய்வின்படி, மக்களில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர் இவ்வளவைக் கடந்த வீடுகளில் வசித்தனர். 2024இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 18 விழுக்காட்டு வீடுகள் அந்நிலையில் இருந்தன. இரு ஆய்வுகளின் முறைகள் வேறுபட்டவை எனினும், சிக்கல் முன்பு கருதியதைவிடப் பெரிது என்பது தெளிவு. அல்பர்ட்டா, சஸ்காச்சுவான் மாகாணங்களில் நடந்த ஆய்வுகளில், பழைய வீடுகளைவிடப் புதிய வீடுகளிலேயே சராசரி ரேடான் அளவு உயர்ந்திருந்தது. ஆகவே, வீடு புதியது என்பது பாதுகாப்புக்கான சான்று ஆகாது. அயல்வீட்டின் முடிவும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

எவ்வாறு பரிசோதிப்பது?

சன்னல்கள் மூடியிருக்கும் குளிர்காலத்தில், குறைந்தது மூன்று மாதங்களுக்குக் கருவியை வையுங்கள். நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீங்கள் பயன்படுத்தும் மிகக் கீழ்த்தளமே அதற்குரிய இடம். நிலக்கீழ் தளத்தில் வாடகைக்குக் குடியிருப்போர் தாமே பரிசோதித்து, முடிவை வீட்டு உரிமையாளருக்கு எழுத்து மூலம் அறிவிக்கலாம்.

அளவு மிகுந்தால்?

அஞ்ச வேண்டியதில்லை; ஆனால் தாமதிக்கவும் கூடாது. சான்றிதழ் பெற்ற வல்லுநர், தரைத்தளத்தைத் துளைத்துக் குழாய் பொருத்தி, விசிறியால் வாயுவை வெளியேற்றுவார். இம்முறையில் ரேடான் பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறையும். வெடிப்புகளை அடைப்பது மட்டும் பொதுவாகப் போதாது. ஒன்ராறியோவில் புதிய வீடு வாங்கியோர், கட்டுமான உத்தரவாதம் முதல் ஏழு ஆண்டுகளுக்கு இதனை உள்ளடக்குகிறதா என உறுதிசெய்துகொள்ளுங்கள்.

200 என்பது நடவடிக்கைக்கான வரம்பே தவிர, அதற்குக் கீழ் ஆபத்தே இல்லை என்பதன்று. உலக சுகாதார நிறுவனம் 100 பெக்கெரலைப் பரிந்துரைக்கிறது. புகைபிடிப்போருக்கு ரேடானால் ஏற்படும் ஆபத்து பன்மடங்காகும். அவர்கள் புகைப்பதைக் கைவிடுவதும் வீட்டைச் சீர்செய்வதும் ஒருங்கே நிகழ வேண்டும்.