நெல் லாரியின் வழிக் கணக்கை மூடி வைப்பது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 அக்டோபரில் காவிரி டெல்டாவின் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலிலேயே மழையில் நனைந்து முளைவிட்டதை எல்லோரும் பார்த்தோம். ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 ஆக்கச் சொல்லி மாநில அரசு கேட்டது. மத்தியக் குழு வந்து நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டுப் போனது. லாரி வரவில்லை என்று விவசாயிகள் கத்திக்கொண்டே இருந்தார்கள். எடை போட்ட மூட்டை நகர்ந்தால்தானே அடுத்தவர் நெல்லைக் கொட்ட இடம் கிடைக்கும்? எந்த நிலையத்து மூட்டை, எந்த நாளில், எந்தக் கிடங்குக்குப் போக வேண்டும் என்ற கணக்கைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

அப்படிக் கணக்குப் போட மென்பொருள் இல்லாமல் இல்லை. உலக உணவுத் திட்டமும் டெல்லி ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய ‘அன்ன சக்ரா’வை 2024 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிவைத்தது. 30 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஆண்டுக்கு 250 கோடி ரூபாய் மிச்சமாகும் என்றார்கள். நல்ல காரியம். ஆனால் அது கிடங்கிலிருந்து ரேஷன் கடைக்குப் போகும் அரிசிக்கு வழி பார்க்கிறது. கொள்முதல் நிலையத்தில் கிடக்கும் நெல்லுக்கு யார் பார்ப்பது?

நாளைக்கே நெல்லுக்கும் ஒரு மென்பொருள் வரலாம். அதன் கணக்கை யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்தால் பயனில்லை. வரைபடத்தில் எல்லாப் பாதையும் ஒரே கோடுதான். கல்லணைக் கால்வாயின் கிளைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் எங்கள் கடைமடையில், டிராக்டர் தாண்டும் மதகுப் பாலத்தில் மூட்டை ஏற்றிய லாரி ஏறாது. தை, மாசியில் சம்பா ஒரே மூச்சில் களத்துக்கு வரும்போது கிடங்கு வாசலில் லாரிகள் வரிசை கட்டும். இறக்க லோடுமேன் கிடைக்கமாட்டார். குறைந்த கிலோமீட்டரைத் தேடும் கணக்குக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? சொல்லக்கூடியவர்கள் லாரி ஓட்டுநர்களும் நிலையத்துப் பட்டியல் எழுத்தர்களும்தான். கணக்கு கண்ணில் பட்டால்தானே அவர்கள் பிழை சொல்ல முடியும்?

அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் வோல்பே மையம் ‘எஃப்டாட்’ என்ற சரக்குப் போக்குவரத்து மென்பொருளை மூலநிரலோடு இலவசமாகத் தருகிறது. ஒவ்வொரு புதிய பதிப்பிலும் என்ன மாறியது, எந்தப் பிழை திருத்தப்பட்டது என்று எழுதியே வெளியிடுகிறார்கள். நமக்கும் இது புதிதல்ல. அரசுச் செயலிகளின் மூலநிரலைத் திறந்துவிடும் கொள்கையை மத்திய அரசு 2015லேயே அறிவித்தது. பலரும் கேள்வி எழுப்பிய பிறகு, 2020 மே மாதம் கொரோனா காலத்து ஆரோக்கிய சேது செயலியின் நிரலும் வெளியானது. கைப்பேசிச் செயலிக்கு முடிந்தது, மக்கள் வரிப்பணத்தில் நகரும் நெல்லுக்கு மட்டும் முடியாதா?

எங்கள் நெல் போகும் வழியில் ரகசியம் காக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஒப்பந்தக்காரர்களுக்கு வேண்டுமானால் இருக்கலாம்.

அடுத்த சம்பா கொள்முதல் தொடங்கும் முன், ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒதுக்கிய கிடங்கு, வழித்தடம், நாளொன்றுக்கான லாரி நடைகள் ஆகியவற்றை, கொள்முதல் செய்யும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நிலையப் பலகையிலும் இணையத்திலும் வெளியிட வேண்டும். வழி வகுக்க எந்த மென்பொருளை வாங்கினாலும், மூலநிரலைத் திறந்து தருவதை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக எழுத வேண்டும். தவறான பாதையைச் சுட்டிக்காட்டும் மனுக்களை மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் பெற்று, அடுத்த பதிப்பில் திருத்தினார்களா இல்லையா என்று அதே கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பட்டுக்கோட்டை.